அம்மாவின் லேகியமும் என் குச்சியும்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் கண் கைப்பேசிக்குப் போய்விடும், அதுதான் காரணம். அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மூலிகைகளைப் பரிசோதிக்கும் சென்சார் செய்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் சுக்கிலும் திப்பிலியிலும் காரீயம் மாதிரி கெட்ட உலோகம் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று, பெரிய கருவிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், கடை வாசலிலேயே நின்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. பார்ப்பதற்கு ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஒரு பட்டை. அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களைப் பூசியிருப்போம். மூலிகையை அமிலத் தண்ணீரில் குலுக்கி, வடிகட்டி, ஒரு சொட்டு அந்த நுனியில் விட்டு, பட்டையை ஒரு சின்னக் கருவியில் செருகினால் கைப்பேசியில் நிறம் வரும். பச்சை வந்தால் அளவுக்குள் இருக்கிறது. சிவப்பு வந்தால் வாயில் வைக்காதே.

அம்மா இதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிட்டாள். "பெரியவ குச்சி பண்றா." மயிலாப்பூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் ஊதுபத்திக் கம்பெனியில் இருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா மட்டும் ஒரு நாள் உட்கார்ந்து விளக்கம் கேட்டார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு நேரம் நிறைய இருந்தது.

"அப்பா, நாங்க பூசற துகளெல்லாம் கச்சேரி சபா நாற்காலி மாதிரி. ரொம்பப் பொடியா இருக்கறதால சின்ன இடத்துல ஏகப்பட்ட நாற்காலி போட்டுடலாம். சொட்டுல இருக்கற உலோகமெல்லாம் வந்து அதுல உட்கார்ந்துக்கும். அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா மின்சாரத்தை மாத்திண்டே போவோம். ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு கட்டத்துல எழுந்து போகும். காரீயம் எப்போ எழுந்துக்கும்னு எங்களுக்குத் தெரியும். அந்த நேரத்துல எத்தனை பேர் எழுந்து போறான்னு பார்த்தா போறும்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதாவது காரீயங்கறது மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்ச உடனே எழுந்து கேண்டீனுக்குப் போற கோஷ்டி."

எட்டு வருஷமாக நான் கருத்தரங்குகளில் திணறிக்கொண்டிருந்ததை அவர் காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சபா பக்கமே போகாத பிள்ளைகள் விழிக்கிறார்கள், அது வேறு விஷயம்.

இந்தக் குச்சி எங்கள் வீட்டுக்குள் வந்தது என் தங்கையின் பிரசவத்தின்போது. அவள் வக்கீல். வயிற்றுப் பிள்ளையோடு உயர் நீதிமன்றத்தில் வாதாடிவிட்டு, அம்மா வீட்டில் வந்து படுத்த மூன்றாம் நாளே வலி எடுத்துவிட்டது. குறித்த தேதிக்கு நிறைய நாள் முன்னாலேயே பெண் குழந்தை. ஒரு முழம் பூ மாதிரி இருந்தது, ஆனால் தொண்டை அம்மாவினுடையது. குழந்தை நன்றாக இருந்தது, தங்கையும் நன்றாக இருந்தாள். அம்மாதான் நிலைகொள்ளாமல் தவித்தாள், ஏனென்றால் லேகியம் தயாராகவில்லை.

பிரசவ லேகியம் என்றால் எங்கள் தெருவில் அம்மாதான். சுக்கு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, வாய்விளங்கம், ஓமம் எல்லாவற்றையும் வறுத்து இடித்துச் சலித்து, வெல்லப் பாகில் போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றி விட்டு, கை கழன்று விழும்வரை கிண்டி, கடைசியில் தேன் விடுவாள். தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் ஒரு டப்பா போகும். அமெரிக்காவுக்கெல்லாம் பெட்டியில் போயிருக்கிறது. சொந்தப் பெண்ணுக்கு, அதுவும் குடும்பத்தின் முதல் பேத்தியைப் பெற்றவளுக்குச் செய்யும்போது அது எப்படி இருக்கவேண்டும் என்று அவள் மனத்தில் ஒரு பெரிய படமே ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் படத்தின் நடுவில் இருந்தது பித்தளை உருளி. அம்மா நான்ஸ்டிக்கைத் தொடமாட்டாள். "அத்தனையும் கெமிக்கல்." குக்கரில் லேகியம் கிண்டுகிறவர்களைப் பற்றி அவள் சொல்வதை இங்கே எழுத முடியாது. பித்தளையில் அப்படியே சமைத்தால் களிம்பேறும் என்பதால் உள்ளே ஈயம் பூசவேண்டும். பரணிலிருந்து இறக்கிய உருளியில் பழைய பூச்சு தேய்ந்துபோயிருந்தது. அதைப் புதிதாகப் பூசிவரும் வேலை அப்பாவின் தலையில் விழுந்தது. அவர் உருளியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார், சாயங்காலமே திரும்பிவந்தார். உள்ளே பார்த்தால் முகம் தெரிந்தது. அம்மா அதில் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

அடுத்த நாள் பூராவும் அம்மா லேகியம் கிண்டினாள். வீடு முழுக்க நெய்யும் சுக்கும் மணத்தது. அம்மா எதையும் அடுப்பில் இருக்கும்போது ருசி பார்க்கமாட்டாள். சுவாமிக்குக் காட்டாமல் நாக்கில் வைக்கக்கூடாது என்பது அவள் சட்டம். உப்பு, புளிப்பு, பதம் எல்லாம் வாசனையிலேயே தெரியும் என்பாள். தெரியத்தான் செய்தது. வெள்ளிக் கிண்ணத்தில் எடுத்து சுவாமி அலமாரியின் முன் வைத்து, கண்ணை மூடி, விளக்கேற்றி, மீதியை ஜாடியில் அடைத்துவைத்தாள். மறுநாள் காலை நல்ல நேரம். முதல் உருண்டையை அம்மா தன் கையால் தங்கையின் வாயில் போடுவதாக ஏற்பாடு.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் நான் குச்சிகளோடு போய்ச் சேர்ந்தேன். எனக்கு லேகியத்தின் மேல் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் குச்சியின் மேல்தான். வெறும் பொடியில் ஒழுங்காக வேலை செய்கிற பட்டை, நெய்யும் வெல்லமும் கலந்த பிசுபிசுப்பில் என்ன செய்யும் என்று பார்க்க ஆசை. சோதனைக்கு ஓசியில் ஒரு கரண்டி கிடைக்கும் என்று போனேன்.

"லேகியத்தைப் போய்ச் சோதனை பண்ணுவாளா யாராவது?" என்றாள் அம்மா. ஆனாலும் ஒரு கரண்டி கொடுத்தாள், தன் பிள்ளையைப் பள்ளிக்கூட விழாவில் பாட அனுப்புகிற முகத்தோடு.

சாப்பாட்டு மேஜையில் கடையைப் பரப்பினேன். குலுக்கி, வடிகட்டி, சொட்டு விட்டேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்றாள். சிவப்பு வந்தது.

நெய் ஏதோ விளையாடுகிறது என்று நினைத்து, இன்னொரு பட்டையில் பார்த்தேன். சிவப்பு. வெறும் அமிலத் தண்ணீரை விட்டுப் பார்த்தேன். பச்சை. மறுபடியும் லேகியம். சிவப்பு.

"குச்சி கெட்டுப்போயிருக்கும்" என்றாள் அம்மா.

"அம்மா, கேண்டீனுக்குக் கூட்டமா போயிண்டிருக்கு" என்றேன்.

உள்ளறையிலிருந்து தங்கை கேட்டாள். "என்ன கலர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பிள்ளை பெற்ற உடம்புக்காரி நடக்கக்கூடாது என்று அம்மா கத்தவில்லை. அதிலிருந்தே நிலைமை புரிந்தது. காரீயம் என்றால் என்ன, தாய் சாப்பிட்டால் பாலில் போகுமா, குழந்தையின் மூளைக்கு என்ன ஆகும் என்று தங்கை ஒவ்வொன்றாகக் கேட்டாள். போகும் என்றேன். நல்லதில்லை என்றேன்.

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அப்பா மெதுவாகக் கேட்டார். "பெரியவா சாப்பிட்டா... ரொம்பக் கெடுதலோ?" கேட்டுவிட்டு எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது, கைப்பேசியைவிட அதிகமாக. "கடைக்காரன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இத்தனை வருஷமாக "அவன் கடையில மண்ணைக் குடுத்தாலும் வாங்கிண்டு வரலாம்" என்று அவள் புகழ்ந்துகொண்டிருந்த நாட்டு மருந்துக் கடைக்காரரை, ஒரு வார்த்தையில் கைவிட்டுவிட்டாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, "அதை எடுத்துண்டு வா" என்றாள்.

கடை குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் பூக்காரிகளையும் ஸ்கூட்டர்களையும் விலக்கிக்கொண்டு அம்மா முன்னால் போனாள். நான் அமிலப் பாட்டிலைக் கர்ப்பிணியின் வயிறு மாதிரி பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"வா மாமி, பேத்தியாமே!" என்றார் கடைக்காரர். ஆள் குள்ளம், குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டு மைக். "ஸ்வீட்டு இன்னும் வர்ல?"

"ஸ்வீட்டா? உங்க சரக்குல விஷம் இருக்கு. என் பொண்ணு கண்டுபிடிச்சிருக்கா."

கடையில் நின்றிருந்த நாலைந்து பேரும் திரும்பினார்கள். எனக்கு அப்படியே கோயில் குளத்தில் இறங்கிவிடலாம் போலிருந்தது. சரக்கில் இருக்கிறது என்று நான் எங்கே சொன்னேன்? லேகியத்தில் இருக்கிறது என்றுதானே சொன்னேன்?

கடைக்காரர் கோபப்படவில்லை. மெதுவாகத் தராசை ஓரம் தள்ளிவைத்து, கல்லாப் பலகையைத் துணியால் துடைத்தார். "இன்னா மிசின் அது? இப்டி வை. மாமி வாங்கின அத்தினி ஐட்டமும் அதே மூட்டைலேந்து எடுத்துத் தர்றேன். நீயே பாத்துக்கோம்மா. ஒண்ணுலயாச்சும் விஷம் கீதுன்னா, கடைய மூடிட்டு நான் உங்க வூட்ல வந்து பாத்திரம் தேய்க்கிறேன்."

ஆரம்பித்தேன். சுக்கு, பச்சை. திப்பிலி, பச்சை. ஒவ்வொரு பச்சைக்கும் கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்து, "பாத்துக்கினியா?" என்றார். கூட்டம் பெருகிக்கொண்டே போனது. ஒரு பெரியவர் தன் பையிலிருந்து போன வருஷத்து அமுக்கராப் பொடியை எடுத்து நீட்டி, இதையும் ஒரு கை பார்த்துவிடச் சொன்னார். ஓர் ஆட்டோக்காரர் டீக் கிளாஸோடு வந்து நின்றார். "யக்கா, இதுல ஒரு சொட்டு வுட்டுப் பாரேன். எனுக்கு ரொம்ப நாளா டவுட்டு."

நான் மறுத்துவிட்டேன். பட்டை விஷயத்தில் நான் மகா கஞ்சம். ஒரு தொகுதியைப் பூசி, காயவைத்து, சரிபார்த்து எடுப்பதற்குள் ஒரு வாரம் போய்விடும். என் சக ஆராய்ச்சியாளர் கைதவறி ஒன்றைக் கீழே போட்டதற்கு அவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவள் நான். டீக்கடையை ஆராய எனக்கு மனம் இல்லை.

கடைசிச் சாமான் வாய்விளங்கம். அதுவும் பச்சை. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். கடைக்காரர் என் கருவியை இரண்டு கையாலும் எடுத்து ஒரு தரம் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"யம்மா, இத்த இங்கியே வுட்டுட்டுப் போறியா? தராசு பக்கத்துல வெச்சிக்கிறேன். தெனம் பூ போட்றேன்."

அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. வாங்கிய அத்தனை சாமானையும் முதலிலிருந்து மறுபடி இன்னொரு செட் கட்டச் சொன்னாள், பேரம் பேசாமல். கடைக்காரருக்கு அது புரிந்தது. பொட்டலத்தில் ஒரு ஜாதிக்காயை அதிகமாகப் போட்டார். "குழந்தைக்கு" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா கோயில் வாசலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட மறந்துவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் தங்கை எங்களுக்காகக் காத்திருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும், இது இனிமேல் கோர்ட்டு என்று தெரிந்துவிட்டது.

"மூலிகை எல்லாம் கிளியர். வெல்லம்?"

பார்த்தேன். பச்சை. நெய், பச்சை. நல்லெண்ணெய், பச்சை. தேன், பச்சை. பட்டை டப்பா பாதி காலி. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

"தனித்தனியா எல்லாரும் நல்லவா. ஒண்ணு சேர்ந்தா விஷம்" என்றாள் தங்கை. "அப்போ இவாளெல்லாம் எங்கே ஒண்ணு சேர்ந்தா?"

எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று. சமையலறை மேடையில், கழுவித் துடைத்து, உருளி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அம்மா கிண்டிய கிண்டலில் அதன் அடியில் மட்டும் பூச்சு வட்டமாகச் சுரண்டப்பட்டிருந்தது. அது எங்கே போயிருக்கும் என்று கேட்கத் தேவையில்லை.

அதில் கொஞ்சம் புளித்தண்ணீர் விட்டுச் சுடவைத்தேன். ஆறியதும் ஒரு சொட்டு எடுத்தேன். கைப்பேசியில் அளவு காட்டும் கோடு ஏறியது, ஏறியது, திரையின் மேல் விளிம்பை இடித்துக்கொண்டு வெளியே போய்விட்டது. என் ஆராய்ச்சி வாழ்க்கையில் அவ்வளவு அழகான, அவ்வளவு தெளிவான முடிவு எனக்கு வந்ததே இல்லை. சபா மொத்தமும் எழுந்து கேண்டீனுக்குப் போய்விட்டது.

பாத்திரத்துக்குப் பூசவேண்டியது வெள்ளீயம். சுலபமாக உருகுகிறது, மலிவு, பளபளப்பு நன்றாக வருகிறது என்று சிலர் காரீயத்தைக் கலந்துவிடுகிறார்கள். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. எங்கள் உருளியில் முகம் தெரிந்ததன் காரணம் அதுதான்.

தங்கை அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நம்மாத்துக்கு எப்பவும் பூசற மனுஷர்கிட்டத்தானே போனே?"

அப்பா ஊஞ்சலை நிறுத்தினார். "அவர் பத்து நாள் ஆகும்னுட்டார். குழந்தைதான் முன்னாடியே வந்துடுத்தே. உங்கம்மா அவசரப்படுத்தினா. நங்கநல்லூர்ல ஆஞ்சநேயர் கோவில் பக்கம் யாரோ ஒருத்தர் உடனே பூசித் தரார்னு ஆட்டோக்காரர் சொன்னார். உடனே பூசிக் குடுத்தார். ஒழுங்காத்தான் இருந்தது."

"சரி. அடுத்த கேள்வி. நீ லேகியத்தைச் சாப்பிட்டியா?"

"நானா? பிரசவ லேகியத்தையா?"

"அப்பா."

"ஒரு விரல்."

"எந்த விரல்?"

அப்பா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலிலிருந்து ஆரம்பித்து, நடுவில் ஒரு கணம் தயங்கி, மொத்தக் கையையும் வேட்டியில் மறைத்துக்கொண்டார். "நைவேத்யம் ஆனப்பறம்தான்" என்றார், அதுதான் பெரிய குற்றம் என்பதுபோல. மறுநாளே அவரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனோம். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் அந்த முடிவு வரும்வரை அவர் தன் பேனா, கடிகாரம், பழைய ரேடியோ ஆகியவற்றை யார் யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சண்டை போடுவாள், அப்பாவை உண்டு இல்லை என்று ஆக்குவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உருளியைக்கூடப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காத்தால இந்தக் கையாலதானேடி கொடுத்திருப்பேன்" என்றாள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் குச்சி ஜெயித்துவிட்டது என்று எனக்குத் துளிக்கூட சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அம்மாவோ அழவில்லை. "நன்னா இருக்கணும்னுதானே பூசச் சொன்னேன்" என்று மட்டும் இன்னொரு தடவை சொன்னாள். உள்ளே குழந்தை எழுந்துகொண்டு, அம்மாவின் தொண்டையில் கத்தியது.

லேகியத்தை ஜாடியோடு குப்பையில் போட அம்மா விடவில்லை. தெரு நாயோ மாடோ வாயை வைத்துவிடும் என்றாள். நான் அதை எடுத்துப்போய் எங்கள் ஆய்வுக்கூடத்தின் கழிவுப் பெட்டியில் சேர்த்தேன். "இது என்ன?" என்று பாதுகாப்பு அதிகாரி கேட்டார். "பிரசவ லேகியம்" என்றேன். அவர் அதற்கான கட்டத்தைத் தாளில் தேடிக்கொண்டிருந்தார், நான் வந்துவிட்டேன். பெரிய கருவியிலும் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் காரீயம் என்றே சொன்னது. உருளிக்கு ஈயம் பூசியவரைத் தேடி அப்பாவும் தங்கையின் கணவரும் நங்கநல்லூருக்குப் போனார்கள். அவர் வேறு பேட்டைக்குப் போய்விட்டதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நாலு தெருவிலும் விசாரித்து, ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரத்தைப் பற்றி எச்சரித்துவிட்டு வந்தார்கள். இரண்டு வீட்டில் அவர்களையே பாத்திர வியாபாரிகள் என்று நினைத்து விரட்டியிருக்கிறார்கள்.

ஒரு வாரம் அம்மா லேகியம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. தங்கைதான் ஒரு நாள் ஆரம்பித்தாள். "அம்மா, எனக்கு உடம்பெல்லாம் வலிக்கறது. லேகியம் உண்டா, கிடையாதா?" அவளுக்கு லேகியம் பிடிக்கவே பிடிக்காது. சின்ன வயதில் தீபாவளி லேகியத்தைத் துப்பிவிட்டு அடி வாங்கியவள். வக்கீல்கள் பொய் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவ்வளவு நல்ல பொய்யைக் கேட்டதில்லை.

அம்மா மறுபடி கிண்டினாள். எவர்சில்வர் குக்கரில். வாசல் கதவைச் சாத்திக்கொண்டு, தெருவில் யாருக்கும் தெரியாமல். என்னைக் காலையிலேயே வரச்சொல்லியிருந்தாள். நான் போனபோது விளக்கு ஏற்றியிருந்தது, வெள்ளிக் கிண்ணம் காலியாக இருந்தது. அம்மா கரண்டியில் சூடான லேகியத்தை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"முதல்ல உன் குச்சிக்குக் காட்டு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சுவாமிக்கு?"

"அப்பறம்." அவள் குரல் இறங்கிவிட்டது. "போன தடவை அவருக்குத்தானேடி முதல்ல கொடுத்தேன். தினம் விளக்கேத்தறபோது முகத்தைப் பார்க்க முடியலை."

சொட்டு விட்டேன். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், பிரகாரத்தில் நிற்கிற மாதிரி. பச்சை வந்தது. தனி ஆவர்த்தனத்துக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அம்மா கைப்பேசியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டாள். அப்புறம் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு, கிண்ணத்தை நிரப்பி, சுவாமி அலமாரிக்குப் போய் வெகுநேரம் நின்றாள்.

தங்கை கட்டிலில் சாய்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்க்கேள்வி ஒன்றும் கேட்காமல் வாயைத் திறந்தாள். அம்மா உருண்டை பிடித்தாள். அந்தக் கை தெருவுக்கே உருண்டை பிடித்துக் கொடுத்த கை, ஒரு நாளும் அளவு தப்பியதில்லை. தங்கையின் உதட்டுக்கு அருகில் போய் அது நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை பார்த்துடேன்" என்றாள் என்னிடம்.

நான் டப்பாவைத் திறந்தேன். அந்த உருண்டையிலிருந்தே ஒரு துளி எடுத்துப் பார்த்தேன். பச்சை. அவள் கேட்காமலே இன்னொன்றிலும் பார்த்தேன். அதுவும் பச்சை. எத்தனை பட்டை மிச்சம் என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அம்மா ஊட்டினாள்.